பழைய மரத் தேவாலயத்தைக் கல்யாணம், கச்சேரிக்கு வாடகைக்கு விட்டால் கட்டடம் பாழாகாதா?

நியூசிலாந்தின் வெலிங்டனில் உள்ள பழைய செயின்ட் பால் தேவாலயத்தைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். பாழாகாது. அது இன்று நிற்பதற்கே இப்படிப்பட்ட பயன்பாடுதான் பெரிய காரணம் என்பேன்.

1866-ல் திறந்த கட்டடம் அது. கல்லில் எழும்ப வேண்டிய கோதிக் பாணியை, அதாவது கூரிய வளைவுகள் கொண்ட பழைய ஐரோப்பியத் தேவாலயப் பாணியை, முழுக்க மரத்தில் செய்தார்கள். 1848, 1855 நிலநடுக்கங்களில் செங்கல் சுவர்கள் விழுந்ததைப் பார்த்த ஊர் அல்லவா! உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் கவிழ்த்துப் போட்ட கப்பல் மாதிரி இருக்கும், அவ்வளவு அழகு. 1964-ல் புதிய பேராலயம் வந்ததும் இதை இடித்துவிடுவார்களோ என்ற நிலை. மக்கள் போராடினார்கள், 1967-ல் அரசு வாங்கியது.

மரத்துக்கு உண்மையான எதிரி ஆள் நடமாட்டம் அல்ல, ஈரம். மரத்தின் ஈரப்பதம் சுமார் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை அதை அரிக்காது. பூட்டிய கட்டடத்தில் கூரை ஒழுகினால் யார் பார்ப்பது? வாரந்தோறும் திறக்கும் இடத்தில் உடனே தெரிந்துவிடும். வாடகைப் பணமும் பராமரிப்புக்கு உதவும்.

அப்புறம் தீ. தடித்த உத்திரம் மேலே கரியாகி, நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் உள்ளே எரியும். மெல்லிய பலகைகள் அப்படியல்ல, சட்டென்று பற்றிக்கொள்ளும். அதனால் இப்படிப்பட்ட அரங்குகளில் மெழுகுவத்தி, மின்கம்பி, கூட்டத்தின் அளவு மூன்றிலும் கண்டிப்பு வேண்டும்.