மெயினை அணைத்தாலும் வீட்டில் கரண்ட் இருக்கும்

வீட்டு மின்சாரம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, சென்னையில் வயரிங் தொழில் செய்யும் எலெக்ட்ரீஷியன் பதில் சொல்கிறார்.

கேள்வி: எங்களுடையது தரைத்தள வீடு. 2015லும் தண்ணீர் வந்தது, 2023 மிக்ஜாம் புயலிலும் வந்தது. வாசற்படியைத் தொட்டதும் மெயின் சுவிட்சை அணைத்துவிடுகிறோம். அது போதும்தானே?
- வாசகி, முடிச்சூர்

பதில்: போதாதும்மா. இன்வெர்ட்டர் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், மெயினை அணைத்ததும் கரண்ட் போய்விட்டது என்று அது தன் வேலையை ஆரம்பித்துவிடும். பேட்டரி 12 வோல்ட்தான். ஆனால் இன்வெர்ட்டரிலிருந்து வயரில் போவது 230 வோல்ட். மிக்ஜாம் சமயத்தில் வேளச்சேரியில் ஒரு வீட்டுக்குப் போனேன். ஹாலில் முழங்கால் அளவு தண்ணீர், மேலே ஃபேன் சுற்றுகிறது. "மெயினைத்தான் ஆஃப் பண்ணிட்டோமே அண்ணே" என்கிறார்கள்! நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

அதனால் முதலில் இன்வெர்ட்டரின் சுவிட்ச், அப்புறம் மெயின். தரை காய்ந்திருக்கும்போதே, ஈரமில்லாத கையோடு, ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு செய்யுங்கள். தண்ணீர் ஏற்கெனவே உள்ளே வந்து பிளக் பாயின்ட்டைத் தொட்டுவிட்டதா? இறங்காதீர்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987க்கு போன் செய்து தெரு சப்ளையை நிறுத்தச் சொல்லுங்கள். மழை வந்தாலே கரண்டை எடுத்துவிடுகிறார்கள் என்று நாம் திட்டுவது வழக்கம். தண்ணீர் தேங்கிய தெருவில் எடுக்காமல் விட்டால்தான் நான் திட்டுவேன்.

இதையெல்லாம் ஐப்பசிக்கு முன்பே பார்த்துக்கொள்வது நல்லது. மாடிப்படிக்குக் கீழே தரையில் கிடக்கும் பேட்டரியை இரும்பு ஸ்டாண்டில் ஏற்றுங்கள். எவ்வளவு உயரம் என்று என்னைக் கேட்கவேண்டாம், 2015ல் தண்ணீர் நின்ற கறை எந்தச் சுவரிலாவது இருக்கும், அதற்கு மேலே. தரையை ஒட்டிய பிளக் பாயின்ட்டுகளுக்குத் தனி எம்சிபி (லோடு அதிகமானால் தானே விழும் சுவிட்ச்) போடச் சொல்லுங்கள். 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி கட்டாயம் வேண்டும். "எம்சிபிதான் இருக்கே" என்பார்கள். அது இருப்பது வயர் எரியாமல் இருக்க. ஷாக் அடித்தால் கட் செய்வது ஆர்சிசிபி. அதில் 'டெஸ்ட்' பட்டன் இருக்கும், மாதம் ஒருமுறை அழுத்துங்கள். டப்பென்று விழவில்லை என்றால் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: தண்ணீர் வடிந்தபின் மோட்டாரை எப்போது போடலாம்? குடிக்கவே தண்ணீர் இல்லாமல் தவித்துப்போனோம்.
- வாசகர், வேளச்சேரி

பதில்: போட்டுப் பார்க்கலாமே என்று மட்டும் போடாதீர்கள். தரைக்கு மேலே இருக்கும் மோட்டார் மூழ்கியிருந்தால் வைண்டிங் கடைக்குத்தான் போகவேண்டும். தண்ணீருக்குள்ளேயே ஓடும் சப்மெர்சிபிள் மோட்டாருக்குத் தண்ணீர் பிரச்சினை இல்லை, அதன் ஸ்டார்ட்டர் பெட்டிக்குத்தான் பிரச்சினை. சுவிட்ச் பெட்டிகளுக்குள் சேறு நிற்கும். கழற்றித் துடைத்து, காயவிட்டு, மெக்கர் (கரண்ட் கசிகிறதா என்று காட்டும் மீட்டர்) வைத்துப் பார்த்த பிறகே சப்ளை கொடுக்கவேண்டும். ஃப்ரிட்ஜும் அப்படித்தான்.

அதைவிட முக்கியம் சம்ப், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி. அதில் சாக்கடை கலந்திருக்கும். அதை மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றினால் வீட்டுக் குழாய் முழுக்கக் கெட்டுப்போகும். சம்ப்பை இறைத்து, தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்ட பிறகே லாரித் தண்ணீர் நிரப்புங்கள். ஒரு விஷயம்: பிளாஸ்டிக் தொட்டியைப் புதைத்திருந்தால் உடனே காலி செய்யாதீர்கள். சுற்றிலும் நிலத்தடி நீர் மேலே இருக்கும்போது காலித் தொட்டி தரையைப் பிளந்துகொண்டு எழும்பிவிடும்.

கேள்வி: கேஸ் சிலிண்டரை என்ன செய்வது?
- வாசகி, தாம்பரம்

பதில்: இது கரண்ட் கேள்வி இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். நிறைந்த சிலிண்டர் சுமார் 30 கிலோ, அதுவும் மிதக்கும். ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, வால்வுக்கு மூடி போட்டு, நிமிர்த்தியபடி ஜன்னல் கம்பியில் கயிறு போட்டுக் கட்டுங்கள். மாடி இருந்தால் முதலிலேயே மேலே ஏற்றிவிடுங்கள்.