நன்றாக இருக்கும் கைக்குழந்தையிடம் மல மாதிரி எதற்கு?

காய்ச்சல் இல்லை, பேதி இல்லை, நன்றாகப் பால் குடிக்கிற குழந்தையிடம் ஆய்வுக்காரர்கள் ஏன் மல மாதிரியும் மூக்குச் சளியும் கேட்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். ஆஸ்பத்திரிக்கு வரும் குழந்தைகளை மட்டும் பார்த்தால், கிருமி உள்ளே போயும் ஒன்றும் காட்டாத குழந்தைகள் கணக்கிலேயே வர மாட்டார்கள்.

வேலூர் ஆய்வையே பாருங்கள். 2002-03இல் பிறந்த 452 குழந்தைகளை அங்குள்ள கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்காரர்கள் பிறந்ததிலிருந்து பின்தொடர்ந்து, பேதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாதிரி எடுத்தார்கள். 373 பேர் மூன்று வயது வரை தொடர்ந்தார்கள். ஆறு மாத வயதுக்குள்ளேயே 56 சதவீதம் பேருக்கு, பேதியை உண்டாக்கும் ரோட்டா வைரஸ் தொற்றிவிட்டது. அப்புறம் முக்கியமானது, மூன்று முறை தொற்றிய பிறகும் மிதமான அல்லது கடும் பேதியிலிருந்து பாதுகாப்பு 79 சதவீதம்தான். மெக்சிகோவில் இதே மாதிரி நடந்த ஆய்வில் இரண்டு தொற்றிலேயே முழுப் பாதுகாப்பு தெரிந்திருந்தது! தடுப்பு மருந்து இங்கே எவ்வளவு காக்கும் என்று கணிக்க இந்த வித்தியாசம் தெரிந்தே ஆக வேண்டும்.

மூக்குச் சளியும் அப்படித்தான், நன்றாக இருக்கும் குழந்தையின் மூக்கிலும் ஜலதோஷம் தரும் ரைனோ வைரஸ் இருக்கலாம்.

மல மாதிரிக்காகக் கொடுத்த, மூடியிலேயே குட்டிக் கரண்டி இருக்கிற அந்த டப்பாவை, குழந்தை சிரித்து விளையாடுகிற நாளிலும் மறக்காமல் நிரப்பிக் கொடுங்கள்.