சவர்க்காரக் கட்டியைப் புரட்டச் சொல்லுங்கள்

கேள்வி: மகன் ஏ-எல் தொழினுட்பப் பிரிவில் முதல் வருடம் படிக்கிறான். மற்றப் பாடங்கள் பரவாயில்லை, வரைதல் என்றால் மட்டும் அழாத குறை. முன்தோற்றம், பக்கத்தோற்றம், கிடைப்படம் என்று மூன்று படம் வரைய வேண்டுமாம், ஒன்றோடொன்று பொருந்தவே மாட்டேன் என்கிறதாம். கலைப்பிரிவுக்கு மாறப்போகிறேன் என்கிறான். கொழுந்து பறிக்கிற எனக்கு அந்தப் படத்தில் தலையும் புரியாது காலும் புரியாது. நான் என்ன செய்யட்டும்?
- ஒரு தாய், ஹட்டன்

பதில்: பிரிவு மாறுகிற பேச்சை அடுத்த தவணைப் பரீட்சை வரைக்கும் தள்ளி வையுங்கள் அம்மா. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அவனுக்குக் கோடு போட வராமல் இல்லை, பொருளை மனதுக்குள் திருப்பிப் பார்க்கத்தான் வரவில்லை, அது பழகப் பழக வருகிற விஷயம்.

ஒரு சன்லைட் சவர்க்காரக் கட்டியைக் கொடுத்து, புத்தகத்தில் உள்ள உருவம் மாதிரியே கத்தியால் வெட்டச் சொல்லுங்கள் (கரட்டிலும் வெட்டலாம், ஆனால் பாதியிலேயே தின்றுவிடுவான்). அதன் முன்பக்கம் மேலே பார்க்கிற மாதிரி கடதாசியின் நடுவில் படுக்க வைத்து, நேர் மேலிருந்து தெரிவதை வரையட்டும், அதுதான் முன்தோற்றம். கட்டியை வலப்பக்கமாக ஒரு புரட்டுப் புரட்டினால் அதன் இடப்பக்கம் மேலே வந்துவிடும், அதை அங்கேயே வரைய வேண்டும், அது பக்கத்தோற்றம். திரும்ப நடுவில் வைத்துத் தன் பக்கமாகப் புரட்டினால் மேற்பக்கம் தெரியும், அதுதான் கிடைப்படம், முன்தோற்றத்துக்குக் கீழே வந்து நிற்கும். மூன்று படத்தையும் இப்படி அடுக்குவதைத்தான் முதற்கோண முறை என்பார்கள், இவ்வளவுதான். இடப்பக்கத்துப் படம் ஏன் வலப்பக்கம் போகிறது என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இதைவிடச் சுலபமான விளக்கம் எனக்குத் தெரியாது.

மூன்றாங்கோண முறை என்று இன்னொன்றும் இருக்கிறது, அதில் நேர்மாறு, கிடைப்படம் மேலே போகும், இடப்பக்கம் இடப்பக்கத்திலேயே இருக்கும். அமெரிக்காவில் அதுதான் வழக்கம், அதனால் யூடியூபில் அவர்களுடைய வீடியோவைப் பார்த்துவிட்டு வகுப்பில் வேறு மாதிரிக் கேட்டால் எந்தப் பிள்ளையும் குழம்பும். எந்தக் கணக்கில் எந்த முறை என்று ஆசிரியரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்ளட்டும்.

இனி உங்கள் வேலை. அவன் வரைந்து முடித்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, "இந்தக் கோடு கட்டியில எங்கப்பா இருக்கு?" என்று ஒவ்வொரு கோடாகக் கேளுங்கள். விட்டுவிட்டுப் போட்ட கோடு என்றால் உள்ளே மறைந்திருக்கும் விளிம்பு, அதையும் தொட்டுக் காட்டட்டும். காட்ட முடியாமல் முழிக்கிற இடத்தில்தான் பிழை இருக்கும், அதை அவனே கண்டுபிடித்துவிடுவான், அதற்கு உங்களுக்குப் படம் தெரிந்திருக்கவே தேவையில்லை.

அப்புறம் பென்சில். 2எச் பென்சிலால் மெல்லிசாகப் போட்டுப் பார்த்துவிட்டு, சரி என்றானதும் எச்பியால் அழுத்திப் போட வேண்டும். எல்லாவற்றையும் முதலிலேயே அழுத்திப் போட்டு அழித்தால், நம் பக்கத்து மழைக்கு ஈரம் குடித்த தாள் நார் நாராகக் கிளம்பிவிடும். தாள்களைப் பொலித்தீன் உறைக்குள் வைக்கச் சொல்லுங்கள்.

பின்வாங்கில் உட்காருகிற பிள்ளை என்றால், கரும்பலகை தெளிவாகத் தெரிகிறதா என்றும் ஒருதரம் கேட்டுப் பாருங்கள். மங்கலாக இருக்கிறது என்றால் ஆஸ்பத்திரியில் கண்ணைக் காட்டுங்கள்.