நகையை அடகு வைக்காதீர்கள், ஒலிப்பதிவு படிக்க விடுங்கள்

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு தம்பதி என்னிடம் ஆலோசனை கேட்க வந்திருந்தார்கள். மகள் பிளஸ் டூ அறிவியல் பிரிவு முடித்திருக்கிறாள். பாட்டியின் நடவுப் பாட்டைப் பதிவு செய்து, கம்ப்யூட்டரில் எலக்ட்ரானிக் தாளம் சேர்த்து, தானும் கூடப் பாடி யூடியூபில் போடுகிறாள். தனி இசைக் கலைஞராகத்தான் வருவேன் என்கிறாள். சித்தப்பாவோ மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்துவிட்டார். அம்மா அழாத குறை.

உங்கள் பயம் நியாயமானதுதான் அம்மா. பாட்டுப் பாடினால் மாதச் சம்பளம் வராது. அதற்காக நகையை அடகு வைத்து சீட் வாங்குவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மனம் ஒட்டாத பிள்ளை நான்கு வருடத்தை அரியரோடு ஓட்டினால் கடன் மட்டும்தான் மிஞ்சும். சித்தப்பா அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் வட்டி கட்டப்போவது நீங்கள்.

அவள் பாட்டைக் கேட்டேன். பாட்டி மூச்சு வாங்கும் இடத்தில் பாட்டு கொஞ்சம் இழுக்கிறது. கம்ப்யூட்டர் தாளம் அப்படி இழுக்காது. பலர் குரலை வெட்டித் தாளத்துக்குள் அடைத்துவிடுவார்கள். இவள் குரலைத் தொடவே இல்லை. தாளத்தின் வேகத்தை அடிக்கு அடி மாற்றியிருக்கிறாள். யாரும் சொல்லித்தரவில்லையாம். இந்தக் காதுக்கு ஏற்ற படிப்பு ஒன்று இருக்கிறது.

சென்னை தரமணியில் உள்ள அரசு எம்.ஜி.ஆர். திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் ஒலிப்பதிவு நான்காண்டுப் பட்டப்படிப்பாகவே இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் இது வராது. தனி அறிவிப்பு, தனி விண்ணப்பம் என்பதால் பலர் கண்ணில் படுவதில்லை. பறையின் அடிக்கு மைக்கை எவ்வளவு தூரத்தில் வைப்பது, தேவனாம்பட்டினம் கடற்கரைக் காற்றில் ஒரு குரலை எப்படிச் சுத்தமாகப் பிடிப்பது, இரண்டு மைக் வைத்தால் ஒலி ஏன் மெலிகிறது, குரலுக்கும் பேஸ் (bass) எனும் அடித்தள ஒலிக்கும் எப்படி இடம் பிரிப்பது என்பதெல்லாம் ஒலிப்பதிவாளரின் அன்றாட வேலை. தனியாக இசை செய்கிறவருக்கும் இதே அறிவுதான் வேண்டும். படப்பிடிப்புத் தளம், டப்பிங், ஒலிப்புத்தகம், கச்சேரி மேடை என்று இதற்குச் சம்பளம் தரும் இடங்கள் பல. அந்தச் சம்பளத்தில் சொந்தப் பாட்டையும் வெளியிடலாம். இடங்கள் குறைவு, போட்டி உண்டு. கிடைக்காவிட்டால் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைத்துறையையும், புதுச்சேரி அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தையும் விசாரியுங்கள். இரண்டுக்கும் கடலூரிலிருந்து பஸ் இருக்கிறது.

செலவில் மட்டும் கறாராக இருங்கள். லட்சக்கணக்கில் கேட்கும் தனியார் சவுண்ட் கோர்ஸ் வேண்டாம். மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு கண்டென்சர் மைக், நல்ல ஹெட்ஃபோன் போதும். 25,000 ரூபாய்க்குள் முடியும். பணம் கொடுத்தால் பாட்டை வைரல் ஆக்குகிறேன் என்று வருபவருக்கு ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள்.

இன்னொன்றை அவளிடமே சொன்னேன். நடவுப் பாட்டின் மெட்டு ஊருக்குச் சொந்தம், அதைத் தன் பெயரில் எழுதிக்கொள்ளக் கூடாது. பாடியவர் பெயரைப் போட வேண்டும், வருமானம் வந்தால் பங்கும் தர வேண்டும். சொந்தமாக எழுதி மெட்டமைக்கும் பாட்டுகளுக்கு பாடலாசிரியர், இசையமைப்பாளருக்காக ராயல்டி (பாட்டு பயன்படும்போது வரும் பங்குத்தொகை) வசூலித்துத் தரும், 1969 முதல் இயங்கும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகிப் பதிவு செய்யட்டும். 2012 பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, திரையரங்கில் படத்தோடு ஓடுவது நீங்கலாக, பாடலாசிரியர், இசையமைப்பாளரின் ராயல்டி உரிமையை ஒரு நிறுவனம் மொத்தமாக எழுதி வாங்கிக்கொள்ள முடியாது. ஒப்பந்தம் எது வந்தாலும் இதைச் சரிபார்த்த பிறகே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

சீட்டுக்கு இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை என்றார்கள். கொடுக்க வேண்டாம். மதிப்பெண் சான்று, மாற்றுச் சான்று, சாதிச் சான்று, வருமானச் சான்று எல்லாவற்றையும் இந்த வாரமே எடுத்து வையுங்கள். விண்ணப்ப அறிவிப்பு வந்த பிறகு இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்க நேரம் இருக்காது.