வருடம் போகப் போக மாறும் சின்ன ட்ரெயிலர்: கேள்வி - பதில்

சித்திரை முடிந்து வெயில் ஏறியதும் கேம்பிங் ட்ரெயிலர், அதாவது வாகனத்தின் பின்னால் இழுத்துப்போய் உள்ளே படுக்கிற பெட்டி வண்டி, பற்றிய கேள்விகள் வரத் தொடங்கிவிடும். இம்முறை வந்தவற்றில் பெரும்பாலானவை புதிதாகக் கட்டுவது பற்றியவை அல்ல. கட்டி, நாலைந்து வருடம் இழுத்த பிறகு எழும் சந்தேகங்கள். எனக்குப் பிடித்ததும் அந்த வகைக் கேள்விகள்தான்.

முதல் வருடம் பிரச்சினையே இல்லை. இப்போது வேகம் அறுபதைத் தாண்டினால் ட்ரெயிலர் பின்னால் ஆடுகிறது. அச்சு நேராகத்தான் இருக்கிறது என்கிறார்கள். - அக்கரைப்பற்று

அச்சு சரியென்றால் சுமையைப் பாருங்கள். முதல் வருடத்துக்குப் பிறகு என்னென்ன ஏறியிருக்கிறது? அநேகமாக எல்லாம் பின்பக்கம்தான் ஏறியிருக்கும், ஏனென்றால் சமையல் தட்டு அங்கே இருக்கிறது: காஸ் சிலிண்டர், தண்ணீர்க் கான், அரிசி, பாத்திரம், அப்புறம் பிள்ளைகளின் சைக்கிள். 20 லீற்றர் கான் நிரம்பினால் 20 கிலோ. அப்படி இரண்டு கான் பின்கதவோரம் நின்றாலே முன்னால் வாகனத்தோடு மாட்டும் கொக்கியில் இருக்க வேண்டிய பாரம் குறைந்துவிடும். பின்பாரம் கூடிய ட்ரெயிலர் ஆடத்தான் செய்யும்.

மொத்த எடையில் 10 முதல் 15 வீதம் கொக்கியில் அமர வேண்டும். 500 கிலோ ட்ரெயிலருக்கு 50 முதல் 75 கிலோ. இதை நீங்களே அளக்கலாம். பயணம் போவதுபோலவே எல்லாவற்றையும் ஏற்றி, மட்டமான தரையில் நிறுத்தி, சக்கரத்துக்கு முண்டு கொடுங்கள். உடல் எடை பார்க்கும் தராசின்மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, அதன்மேல் கொக்கியை இறக்குங்கள். வாகனத்தில் மாட்டியிருக்கும்போது உள்ள அதே உயரத்தில் கொக்கி நிற்க வேண்டும். தராசு காட்டுவதில் கட்டையின் எடையைக் கழித்தால் கணக்குச் சரி. குறைவாக வந்தால் தண்ணீரை அச்சுக்குச் சற்று முன்னால் கொண்டுவாருங்கள், சைக்கிளை வாகனத்தின் கூரைக்கு மாற்றுங்கள்.

ஓடும்போது ஆட்டம் தொடங்கினால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கை வெட்டவும் வேண்டாம். அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேரே பிடித்தபடி வேகம் தானாக இறங்க விடுங்கள்.

ஐஸ் பெட்டியை விட்டு 12 வோல்ட் பிரிட்ஜுக்கு மாறலாமா? 100 ஆம்பியர்-அவர் பற்றரி ஒன்று இருக்கிறது. - செங்கலடி

எத்தனை இரவு தங்குவீர்கள் என்பதைப் பொறுத்தது. நம் வெயிலில் 45 வாட் கம்பிரசர் பிரிட்ஜ் நாளில் பாதி நேரம் ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்குக் கிட்டத்தட்ட 45 ஆம்பியர்-அவர் போய்விடும். உங்களிடம் இருப்பது சாதாரண ஈய-அமில பற்றரி என்றால் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆக, ஒரே ஒரு நாள்தான் தாங்கும். லிதியம் இரும்பு பொஸ்பேட் பற்றரியில் 80 வீதத்துக்கு மேல் தயங்காமல் எடுக்கலாம், எடையும் ஏறக்குறைய பாதிதான். ஆனால் பழைய சார்ஜரை அப்படியே அதற்குக் கொடுக்கக் கூடாது, லிதியத்துக்கு உரிய சார்ஜர் வேண்டும். 100 வாட் சோலார் பலகை ஒன்று மட்டும் அந்தப் பிரிட்ஜை நாள் முழுக்கத் தாங்காது.

பாசிக்குடாவில் ஓரிரு இரவு என்றால் ரெஜிபோம் பெட்டியும் மீன் சந்தை ஐஸும் போதும். மூன்று இரவுக்கு மேல் அடிக்கடி தங்குகிறவர்கள் மாறட்டும்.

பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டார்கள். இப்போது நானும் அவரும்தான். நாலு பேருக்குக் கட்டிய ட்ரெயிலரை விற்றுவிட்டுச் சின்னது வாங்கலாமா? - திருக்கோவில்

அவசரப்பட வேண்டாம் அக்கா. முதலில் உள்ளே இருப்பதைக் கழற்றிப் பாருங்கள். உங்களுடையதில் மேசையை மடக்கிக் கட்டிலாக்கும் அமைப்பு இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இரவு பத்து மணிக்கு டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மேசைக் காலைக் கழற்றி, பலகையை இறக்கி, நாலு மெத்தைத் துண்டையும் இடைவெளி தெரியாமல் பொருத்துவது நாற்பது வயதில் பரவாயில்லை. அறுபதில் முழங்கால் கேட்காது. மேசையை எடுத்துவிட்டுக் கட்டிலை நிரந்தரமாக்குங்கள். நாற்காலி உயரத்தில் இருந்தால் உட்காரவும் எழும்பவும் சுகம். மெத்தைக்கு அடியில் முழுப் பலகை வேண்டாம், இடைவெளி விட்டுச் சட்டம் அடியுங்கள். இரண்டு பேர் மூச்சு விடும் ஈரம் கீழே தங்கிப் பூஞ்சணம் பிடிக்காது. சாப்பாட்டு மேசை வெளியே தறப்பாளுக்குக் கீழே இருக்கட்டும்.

உள்ளே இருக்கும் காஸ் அடுப்பையும் எடுத்துவிடுங்கள். மூடிய சின்ன அறையில் அடுப்பு எரித்தால் கார்பன் மொனொக்சைட் சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மழையாக இருந்தாலும் சமையல் வெளியில்தான்.

இன்னொன்று: அமெரிக்க வரைபடம் பார்த்துக் கட்டியவர்களுக்குக் கதவு வலப்பக்கம் இருக்கும். நாம் இடப்பக்கம் ஓடுகிற ஆட்கள். அந்தக் கதவு திறப்பது வீதிக்குள். உங்களுடையதும் அப்படியென்றால் இந்த வேலையோடு அதையும் மாற்றிவிடுங்கள்.

ஆடியில் உகந்தை முருகன் கோயிலுக்குப் போகிறோம். முன்பு தரையில் பாய் போட்டுப் படுத்தோம், இந்த முறை ட்ரெயிலர். எதைக் கவனிக்க வேண்டும்? - கல்முனை

பாணமைக்கு அப்பால் கிரவல் பாதை, மெதுவாகப் போங்கள். அங்கே முக்கியம் யானை. நெல்லுக்கும் உப்புக்கும் வீட்டுச் சுவரையே உடைக்கிற மிருகத்துக்கு உங்கள் பிளைவுட் ஒரு தடையே அல்ல. ட்ரெயிலர் என்றதும் வருகிற தைரியம்தான் எனக்குப் பயம். அரிசி, உப்பு, பழம் எதையும் படுக்கிற பெட்டிக்குள் வைக்காதீர்கள். தனியாகக் காட்டோரம் நிறுத்தாமல் கோயில் வளவில் சனத்தோடு சனமாக இருங்கள். குமண பூங்காவுக்குள் தங்குவதென்றால் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி கட்டாயம்.

தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றுக் காலம் வேறு. படுக்கப் போகுமுன் தறப்பாளைச் சுருட்டிவிடுங்கள்.

கடற்கரையிலிருந்து வந்ததும் ட்ரெயிலரைக் கழுவுகிறோம், ஆனாலும் துரு. - கல்லடி

மேலே கழுவியிருப்பீர்கள். உப்பு தங்குவது அடியில், சட்டத்தின் மூலைகளிலும் பெட்டிக் குழாய்களுக்கு உள்ளேயும். நல்ல தண்ணீரைக் கீழிருந்து மேலே அடியுங்கள், குழாய்க்குள் தண்ணீர் தேங்காமல் வடியத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். சக்கரம் தண்ணீருக்குள் இறங்கியிருந்தால் பேரிங்கைத் திறந்து புதுக் கிரீஸ்.

டயர் எட்டு வருடம். தேயவே இல்லை. மாற்றத்தான் வேண்டுமா? - வாழைச்சேனை

மாற்றுங்கள். ட்ரெயிலர் டயர் ஓடித் தேய்வதைவிட, வெயிலில் நின்று வெடிப்பதுதான் அதிகம். பக்கச் சுவரில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஸ்பெயார் டயரையும் மறக்காமல் பாருங்கள், பல நேரம் அதுதான் மற்ற இரண்டையும்விடப் பழையது.