பாரிசவாதத்துக்குப் பிறகு நடைப்பயிற்சி: வீட்டுக்கு ரெட்மில் வாங்கலாமா?

கேள்வி: அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து மூன்று மாதம். தடியோடு நடக்கிறார், இடது பாதம் இழுபடுகிறது. கனடாவில் இருக்கும் அண்ணா ரெட்மில் வாங்கக் காசு அனுப்புகிறேன் என்கிறார். வாங்கலாமா?

வேண்டாம். அப்பா எங்கே நடந்து போக ஆசைப்படுகிறார் என்று அவரிடமே கேளுங்கள். கிணற்றடிக்கா, சந்திக் கடைக்கா, நல்லூர்க் கோயிலுக்கா? எதை வாங்குவது என்பது அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

பயிற்சி நிலையங்களில் ரெட்மில்லுக்கு மேலே உடம்பைத் தாங்கும் பட்டி இருக்கும், பக்கத்தில் ஆட்களும் நிற்பார்கள். அப்படியிருந்தும், 408 பேரை வைத்துச் செய்து 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து செய்வித்த பயிற்சியை ஒரு வருட முடிவில் அது மிஞ்சவில்லை. பட்டியில்லாத வீட்டு ரெட்மில் பாதம் இழுபடுகிறவரை விழுத்திவிடும்.

முதலில் வேகத்தை அளந்து பாருங்கள். விறாந்தை காணாது, ஒழுங்கையில் 14 மீற்றர் அடையாளமிட்டு, இரு முனையிலும் 2 மீற்றரைத் தள்ளி, நடு 10 மீற்றருக்கு மட்டும் போனில் நேரம் பிடியுங்கள். ஒருவர் இடப்பக்கம் சற்றுப் பின்னால் கூடவே நடக்கட்டும். 25 செக்கனுக்கு மேல் போனால் அது வீட்டுக்குள் நடமாடும் வேகம். வெளியே தாராளமாகப் போய்வர 12.5 செக்கனுக்குள் வரவேண்டும். அதே போனை இடுப்புயரத்தில் பிடித்துப் பக்கவாட்டில் ஸ்லோமோஷன் வீடியோ எடுத்து, கிளினிக்கில் காட்டுங்கள்: விரல் நுனி தட்டுகிறதா, முழங்கால் பின்னுக்கு வளைகிறதா என்று அதில் தெரியும். கைக்கடிகாரம் காட்டும் அடிக்கணக்கை நம்பவேண்டாம். மெதுவாக நடக்கிறவரின் அடிகளில் பலவற்றை அது தவறவிடும்.

சீரான தாளம் தட்டும் மெட்ரோனோம் செயலி போனில் இலவசம். ஒரு நிமிடத்தில் வைக்கும் அடிகளை எண்ணி, முதலில் அதே தாளத்தில் நடக்கவிடுங்கள். பழகிய பிறகு நூற்றுக்கு 5 கூட்டலாம். பாதம் இன்னும் இழுபட்டால் பழைய தாளத்துக்கே திரும்புங்கள்.

விரல் தட்டுவதுதான் பிரச்சினை என்றால், கணுக்காலைப் பிடிக்கும் பிளாஸ்டிக் தாங்கி மலிவு, கிணற்றடி ஈரத்துக்கும் பயமில்லை. ஆனால் அதற்குச் சப்பாத்து வேண்டும், கோயிலுக்குள் அது நடக்காது. நல்லூர்தான் ஆசை என்றால், நரம்பை மின்துடிப்பால் தூண்டிப் பாதத்தைத் தூக்கும் கருவியைப் பற்றி விசாரியுங்கள். சிலவற்றுக்குக் குதிக்காலின் கீழ் சுவிட்ச் உண்டு, சப்பாத்தில்லாமல் வேலை செய்யாது. காலின் சரிவை உணர்ந்து இயங்குவதுதான் வெறுங்காலுக்குச் சரி. அண்ணாவிடம் இதைக் குறிப்பாகச் சொல்லுங்கள். பேஸ்மேக்கர் உள்ளவருக்கோ வலிப்பு கட்டுப்படாதவருக்கோ இது ஆகாது, வைத்தியரைக் கேட்காமல் வாங்கவே வேண்டாம். கணுக்கால் மிகவும் இறுகியிருந்தாலும் பலன் குறைவு.

இந்தக் கருவியின் துடிப்பைக் காலுக்குள் செலுத்த, தோலில் ஒட்டும் மின்பட்டைகள் இரண்டு. ஒன்று முழங்காலுக்குக் கீழ் வெளிப்புறம் தட்டுப்படும் எலும்பு முனைக்குச் சற்றுக் கீழே, மற்றது அதற்குக் கீழே முன்தசையில். சரியான இடத்தைப் பிசியோதெரபிஸ்ட் கண்டுபிடித்த பிறகு பேனையால் சுற்றிக் குறித்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் விலகினாலும் பாதம் உள்ளேயோ வெளியேயோ திரும்பும். காலில் நல்லெண்ணெய் பூசியிருந்தால் பட்டை ஒட்டாது. சவர்க்காரம் போட்டுக் கழுவி, துடைத்து ஒட்டுங்கள். கழற்றியதும் தோலைப் பாருங்கள், நீரிழிவும் இருந்தால் கட்டாயம். எங்கள் வெயிலுக்கும் வியர்வைக்கும் பட்டையின் பசை சீக்கிரம் போய்விடும், கருவியோடு மாற்றுப் பட்டைகளையும் சேர்த்தே அனுப்பச் சொல்லுங்கள்.