ட்ரிபிளும் வேலிக்கருவையும்

கேள்வி: ஸ்டார் ட்ரெக் உலகத்தில் ஒரு கதையாவது எழுதிவிட வேண்டும் என்பது என் கனவு. நானோ கடற்கரை ஊரில் இருக்கும் வெறும் ரசிகன், கல்லூரி மாணவன். உள்ளே நுழைய வழி உண்டா?
- ஒரு வாசகர், பெரியபட்டினம்

பதில்: ‘வெறும் ரசிகன்’ என்று எழுதியிருக்கிறீர்களே தம்பி, முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். விண்கப்பலில் கிரகம் கிரகமாகப் போகிற அந்த அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடருக்கு உயிர்ப்பிச்சை கொடுத்ததே வெறும் ரசிகர்கள்தான். இரண்டாவது சீசனோடு மூட்டை கட்டப்போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது தொலைக்காட்சி நிறுவனத்துக்குக் கடிதம் கடிதமாக எழுதிக் குவித்தார்கள். 1968-ல் மூன்றாவது சீசன் வந்தது. பின்னாளில் அதே உலகத்தில் வந்த அடுத்த தொடரின் படப்பிடிப்புத் தளத்தை ரொனால்ட் மூர் என்ற ரசிகர் சுற்றிப் பார்க்கப் போனார். போன இடத்தில் தன் திரைக்கதையையும் கையில் கொடுத்துவிட்டு வந்தார். 1989-ல் அது ஒளிபரப்பானது, அவரும் எழுத்தாளர் குழுவில் சேர்ந்துவிட்டார். ரசிகன் வேறு, எழுத்தாளன் வேறு என்று கோடு கிழிப்பவர்களோடு எனக்குப் பல வருடச் சண்டை. அந்தக் கோட்டை நீங்களே கிழித்துக்கொண்டு அதற்கு வெளியே நிற்கிறீர்கள். அதுதான் எனக்கு வருத்தம்.

இவர்கள் எல்லாருக்கும் முன்னால் டேவிட் ஜெரோல்ட். தொடர் ஆரம்பித்த 1966-ல் அவரும் கல்லூரி மாணவர்தான். முதலில் அனுப்பிய நீண்ட கதைச்சுருக்கத்தை எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் தயாரிப்பாளர் ஜீன் கூன், வேறு யோசனை இருந்தால் அனுப்பு என்று ஊக்கம் கொடுத்தார். அடுத்து அனுப்பியதில் ஒன்றுதான் ட்ரிபிள் கதை. உள்ளங்கையில் அடங்குகிற ரோமப்பந்து. தின்னும், பெருகும், அவ்வளவுதான் அதன் வேலை. தானியக் கிடங்கின் கதவைத் திறந்ததும் கேப்டன் கிர்க் தலைமேல் பொலபொலவென்று கொட்டும். மொத்தம் 17,71,561 என்று அவருடைய துணை அதிகாரி ஸ்பாக் கணக்குச் சொல்வார். 1967 டிசம்பரில் ஒளிபரப்பான அந்தக் கதையை இன்றைக்கும் பேசுகிறார்கள்.

அவருக்கு அந்த யோசனை எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆஸ்திரேலியாவில் கொண்டுபோய் விட்ட முயல்களிடமிருந்து. வந்த இடத்தில் எதிரி இல்லாததால் கண்டத்தையே மேய்ந்த முயல்கள்.

இராமநாதபுரத்துக்காரருக்கு முயல் எதற்கு? பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் நிற்கிறதே வேலிக்கருவை என்கிற சீமைக்கருவேலம், அது போதாதா? விறகுக்கு ஆகும் என்று வறண்ட சீமையில் விதைத்தார்கள். ஆடு நெற்றைத் தின்று புழுக்கை போட்ட இடமெல்லாம் முளைத்து, கண்மாய்க்குள் இறங்கி, உழுத நிலத்தையும் பிடித்துக்கொண்டது. இந்தப் பக்கத்தில் நான் அதைத் திட்டாத வருடம் இல்லை, இனியும் திட்டுவேன். ஆனால் அதை வெட்டி அடுக்கி, வைக்கோலும் மண்ணும் பூசி மூட்டம் போட்டு, புகை போகிற துளையைப் பார்த்துப் பார்த்து அடைத்து, கரி எடுத்து அடுப்பை எரிய வைத்த குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். ஊரை அழிக்க வந்ததே ஊருக்குச் சோறும் போடுகிறது. 

கடலுக்குள் பாருங்கள். பிலிப்பைன்ஸ் பக்கத்துப் பாசியான கப்பாஃபைகஸை மண்டபம் பக்கம் மூங்கில் தெப்பத்தில் கட்டி வளர்க்கிறார்கள். ஐஸ்கிரீமைக் கெட்டியாக்குகிற பொருள் அதிலிருந்து வருகிறது. நாற்பத்தைந்து நாளில் அறுவடை, பெண்கள் கையில் கொஞ்சம் காசு. அதே பாசி பக்கத்திலுள்ள குருசடைத் தீவில் உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்து, வெளிச்சத்தை மறைத்துக் கொன்றிருப்பதை 2008-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். பிய்த்து எடுத்தாலும் ஒரு துண்டு ஒட்டியிருந்தால் போதும், மறுபடி வளரும். இந்தத் தீவும் பக்கத்துத் தீவுகளும் இருப்பதோ மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்குள். விரலில் துணி சுற்றிக்கொண்டு முங்கிக் காலங்காலமாக இயற்கையாக வளரும் பாசியை எடுத்துவந்த பெண்களுக்கு அங்கே தடை. காப்பாற்றவேண்டியது பவளமா, அவர்கள் பிழைப்பா? எந்தக் கிரகத்தில் போய் இறங்கினாலும் எந்தக் கேப்டனையும் தூங்கவிடாத கேள்வி இது.

சரி, வழி கேட்டீர்கள். 1989 வாக்கில் ஏஜென்ட் இல்லாதவர்களின் திரைக்கதையையும் வாங்கிப் படித்தார்கள். அப்புறம் புதியவர்களுக்கென்றே சிறுகதைப் போட்டி வைத்து 1998 முதல் 2007 வரை பத்துத் தொகுதிகள் போட்டார்கள், 2016-ல் இன்னொன்று. இப்போது அந்த உலகத்தின் உரிமை பாரமவுண்ட் என்ற ஹாலிவுட் நிறுவனத்தின் கையில். நாவல்களை உரிமம் பெற்ற பதிப்பகம், ஏற்கெனவே பெயர் எடுத்தவர்களிடம்தான் கேட்டு வாங்குகிறது. ஆகவே சொந்தக் கதைகளை எழுதி நல்ல இடங்களில் வெளியிடுவதுதான் உங்களுக்கு வாசல். ரசிகனாக அந்தப் பாத்திரங்களை வைத்து எழுதிப் பழகுவதில் தவறே இல்லை, காசுக்கு மட்டும் விற்காதீர்கள். ஆங்கிலத்தில் எழுதியாக வேண்டும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அதற்கு முன் தமிழில் நன்றாக எழுதிப் பாருங்கள்.

முதல் கதையை எனக்கே அனுப்புங்கள். கிர்க்கும் ஸ்பாக்கும் வேண்டாம். பாசி இருக்கட்டும், அதைப் பிடுங்கச் சொல்கிற அதிகாரி இருக்கட்டும், அதை வளர்த்துத்தான் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுகிற அம்மா இருக்கட்டும். எந்தக் கிரகம் என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டாயிரம் சொல்லுக்குள் இருந்தால் அடுத்த இதழுக்கே பார்க்கிறேன்.